பேருந்தும் பேச்சும்

(நம் குடியிருப்பின் குடியரசு நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று நேரம் கருதி விட்டுவிட்ட சில செய்திகளையும் இதில் சேர்த்திருக்கிறேன்.)



நகரவாசியின் உரிமைகள் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். உரிமைகள் நிறைய இருக்கின்றன, நேரம் இருபது நிமிடம்தான் இருக்கிறது. அதனால் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, பஸ்ஸில் ஏறிப் போகும் உரிமை. இன்னொன்று, வாயைத் திறந்து பேசும் உரிமை. இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் யோசிக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் நாம் வாக்களிக்கப் போகும் ஒரு தீர்மானத்துக்கும் அதில் பங்கு உண்டு. அது எந்தத் தீர்மானம் என்று உங்களில் பலர் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரே பிரிவில் இரண்டு உரிமைகள்

நான் படித்தது பி.காம். சட்டம் என்றால் எங்களுக்கு ஒப்பந்தச் சட்டமும் மாற்றுமுறை ஆவணச் சட்டமும்தான். வங்கி வேலைக்கு அது போதுமானதாக இருந்தது. அரசியலமைப்புச் சட்டத்தைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகுதான். அதில் 19-ஆவது பிரிவு என்னை நிறுத்திவிட்டது.

அந்தப் பிரிவில் குடிமக்களின் சுதந்திரங்கள் வரிசையாக இருக்கின்றன. முதலில் பேச்சும் கருத்து வெளிப்பாடும். அடுத்து, ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது. மூன்றாவது, சங்கம் அமைப்பது. நாம் இன்று சங்கமாக உட்கார்ந்திருப்பதே அந்த மூன்றாவது உரிமையின் பேரில்தான். நான்காவது, இந்திய நாட்டுக்குள் எங்கும் தடையின்றிச் சென்றுவருவது. பிறகு, விரும்பிய இடத்தில் குடியிருப்பது, தொழில் செய்வது. தொடக்கத்தில் சொத்துரிமையும் சேர்ந்து ஏழு இருந்தன. 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அங்கிருந்து எடுத்துவிட்டது. இப்போது ஆறு. ஆக, பேசுவதும் போய்வருவதும் ஒரே பிரிவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் உரிமைகள்.

குடியரசு பிறந்த அதே 1950-இல் இந்த இரண்டும் ஒரு வழக்கில் கைகோத்து வந்தன. அதுவும் நம் ஊர் சம்பந்தப்பட்ட வழக்கு. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற ஆங்கில இதழை நடத்திவந்தார். அன்றைய சென்னை மாகாண அரசு, பொது ஒழுங்குச் சட்டத்தைக் காட்டி, அந்த இதழ் மாகாணத்துக்குள் வரவும் விற்கவும் கூடாது என்று தடை போட்டது. அவர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1950 மே மாதம் தீர்ப்பு வந்தது. தடை செல்லாது என்றார்கள். சுருக்கமாகச் சொன்னால், கருத்தைச் சொல்லும் சுதந்திரத்துக்குள் அந்தக் கருத்து மக்களிடம் போய்ச் சேரும் சுதந்திரமும் அடங்கும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். பம்பாயில் அச்சடித்துக்கொள்ளலாம், சென்னைக்குள் மட்டும் வரக்கூடாது என்றால் அது அரைச் சுதந்திரம்தான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த ஆண்டே, 1951-இல், அரசியலமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. பொது ஒழுங்கு கருதியும் பேச்சுரிமைக்கு வரம்பு விதிக்கலாம் என்று சேர்த்தார்கள். கூடவே, அந்த வரம்பு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற சொல்லையும் சேர்த்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இந்த வழக்குகளில் பெரும்பாலும் நடப்பது ‘நியாயமானது எது’ என்ற வாதம்தான்.

இதழுக்குச் சொன்னது மனிதருக்கும் பொருந்தும். கூட்டம் நடக்கும் இடத்துக்கு வந்து சேர முடியாதவர் அந்தக் கூட்டத்தில் பேச முடியாது. போய்வரும் உரிமை என்றால் அரசு வீட்டு வாசலில் பஸ் நிறுத்தியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வழி மறிக்கக் கூடாது என்பதுதான் அதன் நேரடிப் பொருள். ஆனால் கார், ஸ்கூட்டர் எதுவும் இல்லாதவருக்கு பஸ்ஸும் இல்லையென்றால், அந்த உரிமை பாஸ்புத்தகத்தில் இருந்தும் எடுக்க முடியாத பணம் மாதிரிதான்.

பஸ் என்னும் பொது இடம்

இந்த நகரத்தில் 1895-லேயே டிராம் ஓடியது. 1953-இல் அது நின்றது. 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தது. இங்கே வெள்ளைத் தலையோடு உட்கார்ந்திருப்பவர்கள் இன்னும் ‘பல்லவன் பஸ்’ என்றுதான் சொல்வார்கள். 1995-இல் பறக்கும் ரயில், 2015-இல் மெட்ரோ. இத்தனை வந்த பிறகும் எல்லாத் தரப்பு மக்களும் தோளோடு தோள் உரசி நிற்கும் இடமாக இருப்பது பஸ்தான். கார் ஓட்டுபவரும் கார் துடைப்பவரும் நம் வீடுகளில் ஒரே சோபாவில் உட்காருவதில்லை. பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்காருகிறார்கள்.

பஸ்ஸில் பேச்சுக்கும் பஞ்சமில்லை. வெங்காய விலை, தேர்தல், மகள் கல்யாணம், மருமகள் வேலை, நேற்றைய கிரிக்கெட், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அங்கே ஓடும். யாரும் யாரிடமும் பெயர் கேட்பதில்லை. அடையாள அட்டை கேட்பதில்லை. பஸ்ஸும் நம்மோடு பேசுகிறது. ஓட்டுநருக்குப் பின்னால் திருக்குறள். சன்னலோரம், கரம் சிரம் புறம் நீட்டாதீர். சரியான சில்லறை தருக. அரசு நம்மிடம் பேசும் பேச்சு அது. பதிலுக்கு நாமும் பேசலாம். நேரத்துக்கு வரவில்லை என்று சொல்லலாம், நிறுத்தத்தில் நிற்கவில்லை என்று சொல்லலாம்.

என் கதையையும் ஒரு வரியில் சொல்கிறேன். சென்னையில் 60 வயது கடந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் போக மாதம் 10 இலவச டோக்கன் தருகிறார்கள். பல ஆண்டு கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்து பித்தளை டோக்கன் கொடுத்த கை இது. இப்போது வெளியே நின்று டோக்கன் வாங்குகிறது. கவுன்டரின் இரண்டு பக்கமும் பார்த்தவனுக்கு ஒன்று தெரியும். உள்ளே இருப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பது போலத்தான் தோன்றும். வெளியே நிற்பவர் சொன்னால்தான் வரிசை எவ்வளவு நீளம் என்று உள்ளே தெரியும்.

சத்தம் வேறு, குரல் வேறு

பேச்சுரிமை என்றவுடன் சிலருக்கு வரும் எரிச்சல் எனக்குப் புரிகிறது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் செல்போனில் ஸ்பீக்கரைப் போட்டு வீடியோ பார்க்கிறார். கேட்டால், அது என் சுதந்திரம் என்கிறார். அது அவருடைய சுதந்திரமா?

இந்தக் கேள்வி அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே வந்தது. அங்கே பஸ்களையும் டிராம்களையும் ஓட்டிய தனியார் கம்பெனி, வண்டிக்குள் ஒலிபெருக்கி வைத்து வானொலி ஒலிபரப்பியது. பாட்டு, செய்தி, இடையிடையே விளம்பரம். காது கொடுத்தே ஆக வேண்டிய நிலையை எதிர்த்துச் சில பயணிகள் வழக்குப் போட்டார்கள். 1952-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள், இதில் அரசியலமைப்புச் சட்ட மீறல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். டக்ளஸ் என்ற நீதிபதி வேறு மாதிரி எழுதினார். வீட்டில் வானொலி பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிடலாம், பொது இடத்தில் என்றால் எழுந்து போகலாம், வேலைக்குப் போக வேறு வழியில்லாமல் பஸ்ஸில் ஏறியவர் என்ன செய்வார் என்பது அவருடைய வாதம். இன்னொரு நீதிபதி ஃப்ராங்க்ஃபர்ட்டர், அந்த வானொலியால் தானே அவதிப்பட்டவர் என்பதால் வழக்கை விசாரிக்காமல் விலகிக்கொண்டார். நீதிபதியும் பஸ் பயணிதானே!

நம் நாட்டில் இந்த விஷயத்தில் காதுக்குக் கூடுதல் மரியாதை கிடைத்திருக்கிறது. 2005-இல் ஒலி மாசு பற்றிய தீர்ப்பில் நம் உச்ச நீதிமன்றம், பேச்சுரிமை என்ற பெயரில் யாரையும் கட்டாயப்படுத்திக் கேட்க வைக்க முடியாது, கேட்காமல் இருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்று தெளிவாகச் சொன்னது. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம், அந்த மாநில அரசுப் பேருந்துகளில் செல்போன் ஸ்பீக்கரை அலறவிடக் கூடாது என்று உத்தரவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த இரண்டு இடத்திலும் நம் நீதிமன்றங்கள் கட்டுப்படுத்தியது ஒலியின் அளவை. என்ன பாட்டு, எந்தக் கட்சியின் பேச்சு என்று அவை பார்க்கவில்லை. அதனால்தான் அது நியாயமான வரம்பு. சத்தத்தைக் குறைக்கச் சொல்வது வேறு. ஒருவர் சொல்லும் விஷயமே நமக்குப் பிடிக்காமல், அதற்கு ‘சத்தம்’ என்று பெயர் வைத்து அடைத்துவிடுவது வேறு. முதலாவது ஒழுங்கு. இரண்டாவது, ஒரு குரலை மூடுவது.

ஊர்வலத்தால் பஸ் நின்றுபோகும்போதும் இதே அளவுகோல்தான். சாலை மறியலில் மாட்டி ரயிலைத் தவறவிட்டவர்கள் இங்கே இருப்பீர்கள். 1997-இல் கேரள உயர் நீதிமன்றம், ஊரையே கட்டாயப்படுத்தி முடக்கும் ‘பந்த்’ சட்டத்துக்கு எதிரானது என்றது. உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டில் அதை ஏற்றது. 2020-இல் டெல்லி ஷாஹீன் பாக் வழக்கில், போராட உரிமை உண்டு, பொதுச் சாலையைக் கால வரையறையின்றி அடைத்துக்கொள்ள உரிமை இல்லை என்றது. அதே உச்ச நீதிமன்றம்தான் 1972-இல், குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், தெருவில் பொதுக்கூட்டம் போடுவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், அடியோடு மறுக்க முடியாது என்றும் சொல்லியிருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு நேராகிறது. இடத்துக்கும் நேரத்துக்கும் அளவுக்கும் விதி போடலாம். எதைப் பேசலாம் என்று விதி போடும்போதுதான் நாம் உஷாராக வேண்டும்.

காலால் பேசியவர்கள்

பேச வழியே கொடுக்காவிட்டால் மக்கள் என்ன செய்வார்கள்? 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரத்தில் நடந்ததை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெள்ளைக்காரப் பயணிக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற தையல் வேலை செய்யும் கறுப்பினப் பெண்மணி கைதானார். அந்த ஊரின் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறுவதையே நிறுத்திவிட்டார்கள். நடந்தார்கள், இருக்கிற கார்களைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு நாள் இரண்டு நாளல்ல, 381 நாள். அந்த பஸ்களில் அதுவரை அதிகம் பயணம் செய்துவந்தவர்கள் அவர்கள்தான். நகரசபையில் அவர்கள் குரலுக்கு மதிப்பு இல்லை. அதனால் காலால் பேசினார்கள். பஸ்ஸில் இனம் பிரித்து உட்கார வைப்பது செல்லாது என்று 1956-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பிறகுதான் திரும்ப ஏறினார்கள்.

இவ்வளவு தூரம் போய் இந்தக் கதையைச் சொல்லக் காரணம் இருக்கிறது. காலால் பேசுவது நம் வாசலிலும் நடக்கும். ஆனால் அதில் கூட்டமும் இருக்காது, கோஷமும் இருக்காது. ஒரு நாள் காலை வேலைக்கு வருகிறவர் வரமாட்டார். போன் செய்தால், "வேற இடம் பாத்துக்கிட்டேன்மா" என்பார். அவ்வளவுதான். ஏன் என்று நமக்குக் கடைசிவரை தெரியாது.

நம் வாசல் பஸ் நிறுத்தம்

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். நம் மெயின் கேட்டை ஒட்டி இருக்கும் பஸ் நிறுத்தத்தை சிக்னலுக்கு அப்பால் மாற்றும்படி அதிகாரிகளுக்கு மனு கொடுக்கலாம் என்பது அது. தூரம் சுமார் 400 மீட்டர்.

மனு கொடுக்க விரும்புகிறவர்கள் சொல்லும் காரணங்கள் பொய்யல்ல. காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை கார் வெளியே எடுப்பது பெரும்பாடு. ஷேர் ஆட்டோக்கள் கேட்டை மறித்து நிற்கின்றன. ஹாரன் சத்தத்தில் கீழ்த்தளத்தில் இருப்பவர்களால் சன்னலைத் திறக்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் என்ன ஆகும் என்ற கவலையும் நியாயமானது. இதையெல்லாம் சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. மனு கொடுப்பதும் பேச்சுரிமைதான்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த நிறுத்தத்தில் இறங்குகிறவர்கள் யார், அவர்களிடம் யாராவது கேட்டோமா?

மூன்று நாள் காலை ஏழு மணிக்கு நம் வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெரும்பாலும் தெரிந்த முகங்கள். நம் வீடுகளில் பாத்திரம் துலக்கி, சமைத்துக் கொடுக்கும் பெண்கள். படுக்கையில் இருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கள். ஷிஃப்ட் மாறும் செக்யூரிட்டி. தோட்டக்காரர். இஸ்திரி வண்டிக்காரரின் மனைவி. எதிர்ப்பக்கம் ஏறுவதற்கு நம் குடியிருப்பின் கல்லூரிப் பிள்ளைகள், என்னைப் போல டோக்கன் வைத்திருக்கும் சிலர். 2021 மே மாதத்திலிருந்து தமிழகத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அந்த பஸ்ஸைப் பார்த்து ஏறி, அதற்கேற்ற நிறுத்தத்தில் இறங்கி, வேலை பார்க்கும் வீடுகளை அமைத்துக்கொண்ட பெண்கள் இவர்கள்.

பழக்க தோஷம், ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 400 மீட்டர் நடக்க ஏழு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 14 நிமிடம். மாதம் 26 வேலை நாள் என்றால் 364 நிமிடம், அதாவது ஒருவருக்கு மாதம் ஆறு மணி நேரத்துக்கு மேல். காருக்கு கேட்டில் தினமும் மூன்று நிமிடம் தாமதம் என்று வைத்தால் அதே 26 நாளைக்கு 78 நிமிடம். இவை நானாக வைத்துக்கொண்ட எண்கள்தான், அளந்து பார்த்தவை அல்ல. கார்கள் எத்தனை, இறங்குகிறவர்கள் எத்தனை என்பதையும் எண்ண வேண்டும். அளந்து பார்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. பற்று ஒரு பக்கம் மட்டும் எழுதி, வரவுப் பக்கத்தைக் காலியாக விட்ட பேரேட்டில் எந்த மேனேஜரும் கையெழுத்துப் போடமாட்டார்.

வேறு வழியும் இருக்கிறதா என்று பார்க்கலாம். பஸ் ஏன் நடு ரோட்டில் நிற்கிறது? நிறுத்தத்தில் கார்கள் நிற்பதால். அந்தக் கார்கள் யாருடையவை? பல நாள் நம் வீடுகளுக்கு வரும் விருந்தினர்களுடையவை. உள்ளே விசிட்டர் பார்க்கிங்கைச் சரிசெய்து, ஓரத்தில் கோடு போட்டு, காலை நேரத்துக்கு ஒரு போக்குவரத்துக் காவலரைக் கேட்டு வாங்கினால் பாதித் தொல்லை குறையலாம். நிறுத்தத்தை நகர்த்தினால் தொல்லையும் சிக்னலுக்குப் போய், அங்கிருக்கும் குடியிருப்பு அடுத்த மனு எழுதும்.

‘பரவாயில்லைம்மா’ என்றால் சம்மதமா?

"எங்க வீட்டு அம்மாகிட்ட கேட்டேனே, பரவாயில்லைன்னு சொல்லிட்டா" என்று இரண்டு மூன்று பேர் என்னிடம் சொன்னார்கள். கேட்டவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். சம்பளம் கொடுக்கும் அம்மா, சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "ஸ்டாப்ப மாத்தினா உனக்குக் கஷ்டமா?" என்று கேட்டால், வேலைக்காரப் பெண் என்ன சொல்வார்? பரவாயில்லைம்மா என்பார். நாமும் நம் ஆபீஸில் மேலதிகாரி கேட்டபோது அப்படித்தான் சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்றால், பரவாயில்லை சார். மார்ச் மாதம் லீவை ரத்து செய்யலாமா என்றால், பரவாயில்லை சார். வீட்டுக்கு வந்துதான் உண்மையைச் சொன்னோம்.

பேச்சுச் சுதந்திரம் என்பது வாயைத் திறக்க அனுமதிப்பது மட்டுமில்லை. உண்மையைச் சொன்னால் தனக்கு எதுவும் ஆகாது என்ற தைரியம் அவருக்கு இருக்க வேண்டும். அந்தத் தைரியம் எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. எனக்குப் பென்ஷன் வருகிறது. இந்த மேடையில் நின்று செயற்குழுவுக்குப் பிடிக்காததைப் பேசிவிட்டு, பொங்கலும் சாப்பிட்டுவிட்டுப் போவேன். மூன்று வீட்டு வேலையில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெண்ணால் அது முடியாது. அதனால் அவருக்குப் பேசத் தோதான இடத்தை நாம்தான் அமைத்துத் தர வேண்டும்.

நம் வாட்ஸ்ஆப் குழு

நம்மவர்களுக்கே அந்த இடம் இப்போது குறைந்துவிட்டது. நிறுத்த விவகாரத்தில் வார்த்தை தடித்த பிறகு, குழுவில் அட்மின் மட்டும் பதிவிடலாம் என்று மாற்றிவிட்டார்கள். அட்மின்களை நான் குறை சொல்லவில்லை. இரவு பதினொன்றரைக்கு வரும் ஐம்பது செய்திகளைப் படிக்க அவர்களும் மனிதர்கள்தானே. யாராவது ஏதாவது எழுதி, நம் தலையில் விடியுமோ என்ற பயமும் அவர்களுக்கு இருக்கிறது.

அந்த பயத்துக்குச் சட்டத்தில் ஓரளவு ஆறுதல் உண்டு. இணையத்தில் எரிச்சலூட்டும்படி எழுதினாலே கைது செய்ய வழிவிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விவாதிப்பது, ஒரு கருத்தை வலியுறுத்துவது, வன்முறைக்குத் தூண்டுவது மூன்றும் வேறு வேறு என்று அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டியது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, உறுப்பினர் ஒருவர் போட்ட பதிவுக்கு, வேறு பங்கு எதுவும் இல்லாத அட்மினைப் பொறுப்பாக்க முடியாது என்றது. அவதூறும் சாதி மத வெறுப்பும் அன்றும் குற்றம்தான், இன்றும் குற்றம்தான். அதற்கு எழுதியவர் பதில் சொல்லட்டும்.

ஒரு நண்பர் கேட்டார், 19-ஆவது பிரிவு நம் சங்கத்தைக் கட்டுப்படுத்துமா என்று. நல்ல கேள்வி. அந்தப் பிரிவு அடிப்படையில் அரசுக்குக் கடிவாளம். குடியிருப்போர் சங்கம் அரசு அல்ல. வாட்ஸ்ஆப்பில் பேசவிடவில்லை என்று யாரும் நம் செயலாளர் மேல் ரிட் மனு போட முடியாது. செயலாளர் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் சட்டம் கேட்காத இடத்திலும் முறையாக நடந்துகொள்வதுதான் நாகரிகம். சத்தத்தைக் குறைக்க விதி போடுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் பதிவு வேண்டாம். ஒரு விஷயத்துக்கு ஒருவர் ஒரு நாளில் இரண்டு பதிவுக்கு மேல் வேண்டாம். தனிநபர் தாக்குதல் வேண்டாம், ஃபார்வர்டு வேண்டாம். இவற்றை வைத்துக்கொண்டு கதவைத் திறந்துவிடுங்கள்.

என் கோரிக்கைகள்

முதலாவது, பஸ் நிறுத்தத் தீர்மானத்தை ஒரு காலாண்டு தள்ளிவையுங்கள். நிராகரிக்கச் சொல்லவில்லை. கேட்ட பிறகு முடிவெடுக்கச் சொல்கிறேன்.

இரண்டாவது, அந்த மூன்று மாதத்தில் கேட்க வேண்டியவர்களிடம் கேளுங்கள். கிளப் ஹவுஸுக்கு அழைத்து நாற்காலி போட்டுக் கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அவர்கள் வேலை பார்க்கும் வீட்டைச் சேராத இரண்டு பெண் உறுப்பினர்கள் நிறுத்தத்திலேயே போய் உட்கார்ந்து, பெயர் எழுதாமல் கேட்டு வரட்டும். செக்யூரிட்டி மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். எத்தனை பேர் இறங்கினார்கள், கேட்டில் எத்தனை கார் எவ்வளவு நேரம் நின்றது, இரண்டையும் ஒரு வாரம் குறித்துப் பார்ப்போம். குறிக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். பேரேடு எழுதி நாளாகிவிட்டது, கை ஊறுகிறது.

மூன்றாவது, அரசிடமும் கேட்போம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம்மைப் போன்ற ஆட்களுக்காகவே வந்தது. பத்து ரூபாய் கட்டணம். 30 நாளில் பதில் தர வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது. இந்த நிறுத்தத்தில் எந்தெந்தத் தடம், எத்தனை நடை, நிறுத்தத்தை மாற்ற என்ன விதிமுறை, பஸ் நிற்க ஒதுக்கிய இடத்தின் நீளம் எவ்வளவு என்று கேட்டு வாங்குவோம். மனு எழுதுவதாக இருந்தாலும் விவரம் தெரிந்து எழுதலாமே.

நான்காவது, பொதுக்குழுவில் இந்த விஷயம் வரும்போது, நிறுத்தத்தில் கேட்டு வந்ததை ஒரு உறுப்பினர் முழுமையாகப் படிக்கட்டும். அவர்களுக்கு நம் கூட்டத்தில் வாக்கு கிடையாது. சங்க விதி அப்படி. ஆனால் வாக்கு இல்லாதவர் சொல்வதைக் கேட்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை.

எல்லாவற்றையும் கேட்ட பிறகும் பெரும்பான்மை, நிறுத்தத்தை மாற்றத்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், நான் எதிர்த்து வாக்களித்துவிட்டு அந்த முடிவை ஏற்றுக்கொள்வேன். மறுநாள் காலையிலிருந்து, சிக்னல்வரை நடக்கும் பெண்களோடு நானும் டோக்கனை எடுத்துக்கொண்டு நடப்பேன். அப்போது அவர்களில் ஒருவர் ஏன் சார் இப்படிப் பண்ணிட்டீங்க என்று கேட்டால், "உங்களைக் கேட்டோம், நீங்கள் சொன்னதைப் படித்தோம், அதற்குப் பிறகுதான் முடிவு எடுத்தோம்" என்று என்னால் சொல்ல முடிய வேண்டும். அந்தப் பதிலையாவது என் கையில் கொடுங்கள் என்று உங்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.